ஆறு பக்கத்துக்கு எவ்வளவு கேட்கலாம்?

கேள்வியின் சுருக்கம்: பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கம்பெனிகளுக்குக் கொட்டை வாங்கிக் கொடுக்கும் வேலையில் 22 வருடம் இருந்தவர் கேட்கிறார். லோடு இறக்குவதற்கு முன் கொட்டையை வெட்டிப் பார்த்துத் தரத்தைக் கணிப்பது எப்படி என்று 6 பக்கத்தில் ஒரு பிடிஎஃப் எழுதி வைத்திருக்கிறார். மகன், “ஆறு பக்கத்துக்கு 49 ரூபாய்க்கு மேல் எவன் தருவான்?” என்கிறான். நண்பர் ஒருவர், “60 பக்கமாக இழுத்து 499 போடு” என்கிறார். எது சரி?

இரண்டும் வேண்டாம். ஆனால் மகன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பல வருடம் அச்சகம் வைத்திருந்தவன் நான். எங்கள் தொழிலில் புத்தகம் என்றால் எத்தனை ஃபாரம் என்பதுதான் முதல் கேள்வி. 16 பக்கம் ஒரு ஃபாரம். காகிதம், மை, மடிப்பு, தையல் எல்லாம் ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூடிக்கொண்டே போகும், விலையும் அதன் பின்னாலேயே போகும். படிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படியே வாங்கிப் பழகியதால், பக்கம் குறைந்தால் விலை குறையணும் என்பது நமக்கு ஊறிப்போய்விட்டது. பிடிஎஃப்பில் ஃபாரம் ஏது? முதல் பிரதி எழுதத்தான் உங்களுக்கு 22 வருடம் ஆனது. இரண்டாவது பிரதிக்குக் காலணா செலவில்லை. பக்கத்தை எண்ணி விலை சொல்வது, மருத்துவர் எழுதிய சீட்டில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிக் காசு கொடுப்பது போல.

சரி, எதை எண்ணுவது? வாங்குபவர் இது தெரியாமல் இருந்தால் எவ்வளவு இழப்பார் என்பதை. உங்கள் தொழிலில் அதைத் துல்லியமாகவே போட்டுப் பார்க்கலாம். பல தொழில்களுக்கு இந்த வசதி கிடையாது.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முந்திரிக்கொட்டை வியாபாரத்தில் அவுட்டர்ன் என்பது 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்ற எண். ஒரு கிலோ மாதிரியை வெட்டி, நல்ல பருப்பின் எடையோடு, சுருங்கியது, புள்ளி விழுந்தது போன்றவற்றின் எடையில் பாதியைக் கூட்டி, 0.176-ஆல் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். நல்லது 255 கிராம், அரைகுறை 34 கிராம் என்றால் 255-உம் 17-உம் சேர்ந்து 272. பெருக்கினால் ஏறக்குறைய 48. இப்போது விற்பவர் 48 என்று சொல்லிக் கொடுத்த சரக்கு உண்மையில் 46 என்று வையுங்கள். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோ கொட்டையில் 11 கிராம். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. பத்து டன் லோடில் அது 113 கிலோ பருப்பு. கொட்டை கிலோ 120 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் லோடு 12 லட்சம். 48-இல் 2 குறைந்தால் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அதாவது ஒரே லோடில் 50,000 ரூபாய் காணாமல் போகிறது.

ஐம்பதாயிரத்தைக் காப்பாற்றும் தாளை 49 ரூபாய்க்கு விற்க உங்களுக்கு ஏன் மனசு வருகிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

அதற்காக உடனே 5,000 போடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஐம்பதாயிரம் என்பது உச்சத்தில் நிற்கும் எண், அதிலிருந்து கழித்துக்கொண்டே வரணும். எல்லா லோடிலும் ஏமாற்று நடக்காது. ஐந்தில் ஒன்று என்று வைத்தால் 10,000 ஆகிறது. வாங்குபவருக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். படித்துவிட்டுச் சரியாகச் செய்யாமலும் போகலாம். அப்புறம் அவர் உங்களை நம்பி முன்னாலேயே பணம் கட்டுகிறார், அந்தத் துணிச்சலுக்கும் ஒரு கழிவு உண்டு. இதற்கெல்லாம் சேர்த்துக் கழிவு விட்டு, அந்த 10,000-இல் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை கேட்கலாம் என்பது நான் என் அனுபவத்தில் வைத்துக்கொண்ட அளவு. எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. அதன்படி உங்கள் 6 பக்கத்துக்கு 1,000 முதல் 2,000 வரை வருகிறது. நான் 1,500-இல் நிற்பேன்.

இங்கே ஒரு தடை இருக்கிறது. மதிப்பு இவ்வளவு என்பதால் மட்டும் விலை வந்துவிடாது. எங்கள் ஊர்ப்பக்க உதாரணமே இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். ஒரு வரிதான். கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்று அதை வைத்து முடிவு செய்தார்கள். 2004 சுனாமியின்போது நல்லவாடு என்ற மீனவர் ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் சொன்னதை அங்குள்ள மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்துத்தான் அந்த ஊர் தப்பித்தது. அதைவிடச் சின்னதாக, அதைவிட மதிப்பாக ஒரு தகவல் இருக்க முடியாது. ஆனால் யாரும் காசு கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. அலை உயரத்தைக் கணிக்கும் செலவை ஒரு நாட்டின் கடற்படை ஏற்றுக்கொண்டது, மையங்கள் நடக்கும் செலவைக் கனடா நாட்டு உதவி ஏற்றுக்கொண்டது.

ஆக, உங்களிடம் வாங்காவிட்டால் அதே விஷயம் அவருக்கு வேறு எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதைப் பார்க்கணும். மேலே நான் சொன்ன சூத்திரம் இணையத்தில் சும்மா கிடைக்கிறது. அதற்கு ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. உங்கள் 6 பக்கத்தில் சூத்திரம்தான் இருக்கிறது என்றால் நான் சொன்ன கணக்கெல்லாம் வீண். ஆனால் நீங்கள் கேள்வியோடு இணைத்திருந்த மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். லாரியின் பின்கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் மூட்டைகளில் மாதிரி எடுக்காதீர்கள், நடுவிலும் அடியிலும் இருந்து எடுங்கள் என்கிறீர்கள். பல மூட்டைகளில் எடுத்ததைத் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நாலு பாகமாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி கலந்து பிரிக்கச் சொல்கிறீர்கள். ஈரம் ஏறிய கொட்டை எடையில் எப்படி ஏமாற்றும், கையில் குலுக்கினால் எப்படிச் சத்தம் மாறும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபிறகுதான் இந்த விலையைச் சொல்லத் துணிந்தேன். சூத்திரம் தெரிந்தவன் ஆயிரம் பேர் இருப்பான். தப்பான மூட்டையில் மாதிரி எடுத்தால் சூத்திரம் சரியாகவே தப்பான விடை கொடுக்கும். நீங்கள் விற்பது அந்த இடத்தைத்தான். 2011 டிசம்பரில் தானே புயல் உங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனதும், ஆப்பிரிக்கக் கொட்டை தூத்துக்குடி வழியாக வந்து இறங்குவதும் சேர்ந்து, தோப்புக்காரரின் முகத்தைப் பார்த்துச் சரக்கு வாங்கும் பழக்கம் குறைந்திருக்கும். முகம் தெரியாத சரக்குக்குத்தான் இந்தத் தாள் தேவை.

60 பக்கமாக இழுக்கச் சொல்லும் நண்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வாசகர் எங்கே நின்று படிப்பார் என்று யோசிக்கச் சொல்லுங்கள். கிடங்கு வாசலில் லாரி நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், சுமை தூக்குபவர்கள் துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் முந்திரியின் வரலாறு, போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த கதை, நன்றியுரை எல்லாம் தாண்டி 43-ஆம் பக்கத்துக்கு யார் போவார்? சுருக்கமாக இருப்பதற்குத்தான் அவர் காசு தருகிறார். ஆகவே அதை மறைக்காதீர்கள். விற்கும் இடத்தில் முதல் வரியிலேயே “6 பக்கம், படிக்க 20 நிமிடம், லாரி நிற்கும்போதே பார்த்துச் செய்யலாம்” என்று எழுதுங்கள். பணம் கட்டியபின் ஆறு பக்கம்தான் என்று தெரிந்தால் ஏமாந்தது போல இருக்கும். முன்னாலேயே சொல்லிவிட்டால் அதே ஆறு பக்கம் வாங்குவதற்குக் காரணமாகிவிடும்.

இதில் நான் சூடு பட்டவன். புதுச்சேரியில் பழைய வீடு வாங்குபவர்களுக்காக, பிரெஞ்சுக் காலத்துக் கிரயப் பத்திரத்தைப் படிப்பது எப்படி என்று நாலு பக்கத்தில் ஒரு குறிப்பு தயாரித்து விற்றேன். ஆர், சென்டியார் என்ற நில அளவுக் கணக்கு, எல்லைகள் எந்த வரிசையில் வரும், தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சில் எப்படி எழுதுவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் ‘உ’ ஓசைக்கு அவர்கள் இரண்டு எழுத்து போடுவார்கள், அதனால் ஆங்கில வரிசைப்படி தேடினால் முருகன் என்ற பெயர் அட்டவணையில் அகப்படவே அகப்படாது. ஒரு சென்டியார் என்றால் ஒரு சதுர மீட்டர், 100 சென்டியார் ஒரு ஆர். இதைத் தப்பாகப் படித்து முன்பணம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் வைத்த விலை 99. வந்தவர்களில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். “நாலு பக்கத்துக்கா 99?” என்று ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்கு அழைத்துச் சண்டை போட்டார். 1,200 ஆக்கினேன். வாங்குபவர்கள் குறைந்தார்கள், ஆனால் வந்தவர்கள் எல்லாரும் நிஜமாகவே வீடு வாங்கப் போகிறவர்கள். பக்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கேட்ட கேள்விகளும் பத்திரத்தைப் பற்றித்தான். விலை ஏறியபோது குறிப்பில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

கூட்டல் கழித்தலையும் பாருங்கள். உங்கள் தாள் தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர்? பண்ருட்டி, காடாம்புலியூர் சுற்று வட்டாரம், வெளி மாவட்டத்தில் கொஞ்சம். சினிமாப் பாட்டு மாதிரி லட்சம் பேர் வாங்கும் சரக்கு இல்லை இது. 49 ரூபாய்க்கு 200 பேர் வாங்கினால் 9,800. அந்த 200 பேரில் ஐம்பது பேர் போன் செய்து பத்து நிமிடம் சந்தேகம் கேட்டால் எட்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். 1,500-க்கு 30 பேர் வாங்கினாலே 45,000. முப்பது பேரிடம் நீங்கள் பொறுமையாகவும் பேசலாம்.

ஆனால் எல்லாரும் ஒரே ஆள் கிடையாது. வீட்டில் வைத்துக் கொட்டை உடைக்கும் பெண்கள் ஐந்து மூட்டை வாங்குவார்கள். 400 கிலோ, 48,000 ரூபாய்ச் சரக்கு. அதே இரண்டு பவுண்டு குறைந்தால் இழப்பு 2,000. அவர்களிடம் 1,500 கேட்பது அநியாயம், கேட்டாலும் வாங்கமாட்டார்கள். அதனால் ஒரே சரக்கை மூன்று விதமாகப் பிரியுங்கள். நாலைந்து மூட்டைக்கு மாதிரி எடுக்கும் முறையும் அட்டவணையும் மட்டும் உள்ள ஒரு பக்கம், 100 ரூபாய். முழு 6 பக்கம், 1,500. கம்பெனிக்காரர்களுக்கு 6 பக்கத்தோடு, ஒரு சீசன் முழுக்க வெட்டிய கொட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துச் சொல்வது, 5,000. மூன்றாவதை ஒரு பத்து பேருக்கு மேல் எடுக்காதீர்கள், தாங்காது. மூன்றாவது ஒன்று மேலே இருப்பதால் நடுவில் உள்ள 1,500 நியாயமாகத் தெரியும் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்காகவே பொய்யாக ஒரு 5,000 ரூபாய்ச் சரக்கை நிறுத்தி வைப்பது எனக்குப் பிடிக்காது.

ஊர்க்காரர்களிடம் காசு வாங்குவதா என்று கேள்வியின் கடைசியில் தயங்கியிருந்தீர்கள். அந்த ஒரு பக்கத்தை வீட்டில் உடைப்பவர்களுக்கு இலவசமாகவே கொடுத்துவிடுங்கள், தயக்கம் தீர்ந்துவிடும். லோடு லோடாக இறக்குபவரிடம் தயங்க வேண்டாம்.

வாங்கும் முன் எவ்வளவு காட்டுவது என்பது இந்தத் தொழிலின் பழைய சிக்கல். தகவலின் மதிப்பு வாங்குபவருக்குத் தெரியாது, தெரிந்துகொண்டால் காசு கொடுக்காமலே அது அவர் கைக்கு வந்துவிடும் என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962-லேயே எழுதிவிட்டார். புடவையைப் பிரித்துக் காட்டலாம், தகவலைப் பிரித்துக் காட்டினால் கதை முடிந்தது. இதற்கு நான் செய்வது, பிரச்சினையை முழுக்கக் காட்டுவேன், தீர்வைப் பாதி காட்டுவேன். உங்களுக்கு அந்த 11 கிராம் கணக்கைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. அதை அப்படியே இலவசமாகப் போடுங்கள். படித்தவுடன் வியாபாரிக்கு வயிறு கலங்கும், அப்புறம் மாதிரியை எங்கே எடுப்பது என்று கேட்பார். கூடவே, முதல் லோடில் பயன்படவில்லை என்றால் பணம் வாபஸ் என்று சொல்லுங்கள். என்னிடம் அப்படித் திருப்பிக் கேட்டவர்கள் ஒரு கை விரலுக்குள்தான்.

விலை சரியா என்று சோதிக்க 1976-இல் வான் வெஸ்டன்டார்ப் என்ற டச்சுக்காரர் நாலு கேள்வி வைத்தார். எந்த விலையில் இது மட்டமான சரக்கோ என்று சந்தேகம் வரும், எந்த விலை மலிவு, எந்த விலை கொஞ்சம் அதிகம் என்றாலும் யோசிக்கலாம், எந்த விலைக்கு மேல் வேண்டவே வேண்டாம். தெரிந்த வியாபாரிகள் பத்துப் பதினைந்து பேரிடம் டீக்கடையில் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு வரும் பதிலைக் கவனியுங்கள், 49 அதற்குள்தான் விழும் என்று நினைக்கிறேன். ஆனால் வாய்ச்சொல்லை முழுசாக நம்பவேண்டாம். “நல்லா இருக்கு, போடுங்க, வாங்கிக்கறேன்” என்பவர் வேறு, யுபிஐயில் அனுப்புபவர் வேறு. முதல் பத்துப் பேருக்கு 1,000 என்று சொல்லி முன்பணம் கேளுங்கள். ஏழெட்டுப் பேர் கட்டினால் 1,500-க்குப் போங்கள். பத்துப் பேரும் யோசிக்காமல் கட்டினால் அதற்கும் மேலே இடம் இருக்கிறது. குறைவாகத் தொடங்கி ஏற்றினால் முதலில் வாங்கியவர் சந்தோஷப்படுவார். அதிகமாகத் தொடங்கி இறக்கினால் அவர் முகத்தில் முழிக்க முடியாது.

1,499 என்று போடாதீர்கள். துணிக்கடையில் அது எடுபடும், மண்டி ஆட்களுக்கு அது ஏதோ தந்திரம் போலத் தெரியும். முழு எண்ணாகச் சொல்லுங்கள். என்னிடம் ஒருவர் 1,200-க்கு 1,201 அனுப்பினார், வீடு வாங்குகிற காரியமாம், மொய் போல ஒற்றைப்படையில் இருக்கட்டும் என்று.

பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் பரப்பிவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. பரப்புவார்கள். பதிப்புரிமைச் சட்டம் உங்கள் எழுத்தைக் காக்கும், அதில் உள்ள விஷயத்தை இன்னொருவர் தன் வார்த்தையில் சொன்னால் தடுக்க முடியாது. வழக்குக்குப் போகும் அளவுக்கு இது பெரிய சொத்தும் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாங்கியவர் பெயரையும் கைபேசி எண்ணையும் போட்டு அனுப்புங்கள். தன் எண் ஊரெல்லாம் சுற்றுவதை யாரும் விரும்பமாட்டார்கள். மேலும் இவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். 1,500 கொடுத்துத் தெரிந்துகொண்டதைப் பக்கத்துக் கம்பெனிக்காரருக்கு இலவசமாக அனுப்ப மனசு வராது. விலையே பாதிக் காவல் வேலை செய்துவிடும். 49 ரூபாய்ப் பிடிஎஃப்தான் குழு குழுவாகச் சுற்றும்.

வரி விஷயம் சீக்கிரமே முடியும். இப்படி மின்வழியில் விற்பது சேவைக் கணக்கில் வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. எல்லை தாண்டினால் புதுச்சேரி, வேறு மாநிலத்துக்கு விற்பதாகிவிடுமே என்று யாராவது பயமுறுத்தினால், சேவைக்கு மாநிலம் தாண்டினாலும் இதே வரம்புதான் என்று சொல்லுங்கள். யுபிஐயில் நேராக வாங்கினால் கட்டணப் பிடித்தம் ஒன்றும் கிடையாது.

உள்ளூர்க் கொட்டை மார்ச்சில் வர ஆரம்பிக்கும். பிப்ரவரியில் விற்காத தாளை ஜூலையில் விற்பது கஷ்டம், அதனால் அந்தப் பத்து முன்பணத்தைப் பொங்கல் முடிந்ததுமே கேட்டுவிடுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மூன்றாம் பக்கத்தைக் கைபேசியில் திறந்து வெயிலில் நின்று பார்த்தேன். அட்டவணையில் உள்ள எண்கள் எறும்பு மாதிரி இருக்கின்றன, பெரிதாக்கினால் பக்கவாட்டில் ஓடுகிறது. கிடங்கு வாசலில் இதைப் படிக்கப்போகும் ஆளுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வீட்டில் இருக்கும். அந்த ஒரு அட்டவணையை மட்டும் இரண்டாக உடைத்து, எழுத்தை இரட்டிப்பாக்குங்கள். பக்கம் ஏழாகும், பரவாயில்லை.